தாத்தாவின் அலமாரி: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

எங்களுக்கு ஆழ்வார்திருநகரி பக்கம். தமிழாசிரியராக இருந்த தாத்தா இரண்டு அலமாரி நிறையப் புத்தகம் வைத்துவிட்டுப் போனார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தட்டு நனைந்து, புத்தகங்கள் கட்டியாக ஒட்டிக் கிடக்கின்றன. அப்பா இப்போது வீட்டை இடித்துக் கட்டப் போகிறார். முக்கியமானதை ஸ்கேன் செய்துகொண்டு மிச்சத்தைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம் என்கிறார். எது முக்கியம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் நூலகவியல் படிக்கிறேன். அரிய நூல்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போக ஆசை. எங்கே தொடங்கலாம்?

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

எதையும் அலமாரியிலிருந்து எடுத்துவிடாதீர்கள். முதலில் ஒவ்வொரு தட்டையும் இருக்கிற இருப்பிலேயே போனில் படம் எடுங்கள். அப்புறம் இடமிருந்து வலமாக, வரிசை மாறாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். எதற்குப் பக்கத்தில் எதை வைத்திருந்தார் என்பதில் தாத்தா படித்த விதம் இருக்கிறது. வரிசை ஒரு தடவை கலைந்தால் அந்தச் செய்தியை வேறு எங்கிருந்தும் மீட்க முடியாது.

'முக்கியமானதை மட்டும்' என்ற பேச்சை நான் கடுமையாக எதிர்க்கிறேன். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குப் போனபோது, அங்கிருந்த பழைய சுவடிகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறார். செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. இனி உதவாது என்று முடிவுகட்டி, சாத்திரப்படி செய்தோம் என்றே நம்பினார்கள். நம் வீடுகளில் பேப்பர் கடைக்குப் போகும் மூட்டையும் அதே நம்பிக்கையில்தான் போகிறது.

திருக்குறள் உரையும் கம்பராமாயணமும் பல நூலகங்களில் கிடைக்கும். கும்மி, சிந்து, அம்மானை என்று சில பக்கங்களில் மலிவுத் தாளில் அச்சடித்தவை, பள்ளிக்கூடப் பாடநூல், பஞ்சாங்கம், கோயில் திருவிழா நோட்டீஸ் இவற்றை அனேகமாக யாரும் சேர்த்து வைக்கவில்லை. உங்கள் தாத்தா எதற்குள்ளாவது செருகி வைத்திருந்தால் அதுதான் அபூர்வம். பின் அட்டை விளம்பரத்தையும் விடாதீர்கள். ஒரு பிரதிகூடக் கிடைக்காத சில நூல்கள் அச்சில் இருந்தன என்பதே இன்னொரு நூலின் பின் அட்டையில் உள்ள விலைப்பட்டியலால்தான் தெரியவருகிறது.

பட்டியலில் தலைப்போடு நிறுத்தாதீர்கள். அச்சுக்கூடம், ஊர், பதிப்பித்தவர், பொருளுதவி செய்தவர், நூலைப் பாராட்டிச் சாற்றுகவி கொடுத்தவர், விலை, உள்ளே இருக்கும் கையெழுத்து எல்லாம் வேண்டும். ஆண்டில் கவனம். முகப்பில் 'சர்வதாரி வருஷம் ஆவணி' என்று மட்டும் இருந்தால் அது 1828, 1888, 1948 என்று மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். அறுபது வருஷச் சுற்று அப்படி. நம் பக்கத்து நூல்களில் கூடவே கொல்லம் ஆண்டும் (சுற்றி வராமல் தொடர்ந்து எண்ணிப் போகும் மலையாள ஆண்டுக்கணக்கு) போட்டிருந்தால் பிழைத்தோம். கொல்லம் 1064 என்றிருந்தால் அந்த ஆவணி 1888 என்று உறுதியாகிவிடும். முகப்பில் இருப்பதை இருக்கிறபடியே எழுதி, உங்கள் கணக்கைத் தனியாகக் குறியுங்கள். பின்னால் வருகிறவர் சரிபார்க்க வேண்டுமே.

நனைந்த தட்டை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள், பூஞ்சை பரவும். முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள். காய்ந்து கட்டியானதைக் கத்தி விட்டுப் பிரிக்கவே கூடாது. சாதாரணத் தாளாக இருந்தால், பழகியவர் மெல்ல ஈரப்பதம் கொடுத்துப் பிரித்துவிட வாய்ப்புண்டு. வழவழப்பான ஆர்ட் தாள் ஒட்டிக்கொண்டால் கஷ்டம்தான். கிழிசலுக்கு செல்லோ டேப் வேண்டாம், அதன் பசை தாளில் ஊறிக் கறையாக்கும்.

பழசு என்றால் நைந்திருக்கும் என்று நினைக்க வேண்டாம். கந்தல் துணிக்கூழில் செய்த தாளில் 1830 வாக்கில் அச்சான நூல் இன்றும் மடங்கும். மரக்கூழ்த் தாள் வந்த பிறகு, அதிலுள்ள அமிலத்தால் 1910-ல் அச்சானது அப்பளமாக நொறுங்குகிறது. ஸ்கேன் செய்ய வேண்டியவற்றில் இந்த நொறுங்கும் நூல்களுக்கே முதலிடம். ஸ்கேன் அவசியம்தான். ஆனால் படத்தில் தாளின் தன்மையோ தையலோ கட்டுமானமோ வராது. ஸ்கேன் ஆனதும் நூலைக் கழித்துவிடலாம் என்பது சரியில்லை.

யாரிடம் கொடுப்பது? முழுத் தொகுப்பையும் ஒன்றாக ஏற்பவரிடம். நம் மண்ணில் பிறந்த தமிழறிஞர் வையாபுரிப் பிள்ளையின் நூல்கள் கல்கத்தா தேசிய நூலகத்தில் அவர் பெயரிலேயே ஒரு தொகுப்பாக இருக்கின்றன. தூரம்தான், ஆனால் சிதறவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்தவை 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் காப்பாற்றப்பட்டு, சென்னையில் ஆராய்ச்சி நூலகமாகவே ஆகிவிட்டன. புன்னைக்காயலில் 1586-ல் அச்சானதாகச் சொல்லப்படும் போர்ச்சுக்கீசியப் பாதிரியார் என்றிக்கே என்றீக்கசின் 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்தில் தங்கியிருந்தது. 1967-ல் இராசமாணிக்கம் அடிகள் பதிப்பித்துத் தூத்துக்குடியிலிருந்து வெளிவந்தது. எங்கோ ஒரு நூலகத்தில் பத்திரமாக இருந்ததால்தான் அது நம்மிடம் திரும்பி வர முடிந்தது.

கொடுக்கும்போது, தொகுப்பைப் பிரிக்க மாட்டோம், கழிக்க நேர்ந்தால் குடும்பத்திடம் கேட்போம், பட்டியலைப் பொதுவில் வைப்போம் என்று எழுத்தில் வாங்குங்கள். வாங்கிய மூட்டையைப் பிரிக்காமலே வருஷக்கணக்கில் போட்டு வைத்திருந்த ஒரு நூலகத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை உங்களுக்கு வேண்டாம்.

படிப்பைப் பற்றி. நூலகவியலில் பகுப்பும் பட்டியலும் வந்துவிடும். அதோடு தமிழ் எண்கள், பழைய எழுத்து வடிவங்கள், அச்சு வரலாறு மூன்றையும் சொந்தமாகப் படியுங்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஓலைச்சுவடித் துறை இருக்கிறது. சரசுவதி மகாலையும் ரோஜா முத்தையா நூலகத்தையும் போய்ப் பாருங்கள். செப்பனிடும் வேலை நடக்கும் இடத்தில், பக்கத்தில் நின்று கற்க அனுமதி கேளுங்கள். தாளைத் தொடும் பக்குவம் பாடப்புத்தகத்தில் வராது. உங்கள் முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேட வேண்டியதில்லை, தாத்தாவின் தொகுப்புக்கு விவர அட்டவணை தயாரியுங்கள்.

அப்பாவிடம் கொஞ்சம் அவகாசம் கேளுங்கள். இடிக்கிற தூசி அலமாரிக்கு ஆகாது, அதற்குமுன் மேல்தட்டுகளையாவது எழுதி முடித்து வேறு வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். பட்டியலின் முதல் பக்கங்கள் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். எந்த நூலகத்துக்கு எழுதலாம் என்று சேர்ந்து யோசிப்போம்.

அன்புடன்,
அண்ணாச்சி