கேள்வி கேளுங்க: மெட்டு யாருக்குச் சொந்தம்?

? எங்கள் ஊரில் தேர்தல் வந்தால் சினிமாப் பாட்டு மெட்டில் வேட்பாளர் பெயரைச் செருகி, பாதி மலையாளம் பாதி தமிழில் ஜீப்பில் போட்டு அலறவிடுகிறார்கள். இது திருட்டு இல்லையா?
- கொழிஞ்சாம்பாறை வாசகர்

இதே சண்டை அமெரிக்காவில் கோர்ட் ஏறியது. 1952-ல் தொடங்கிய 'மேட்' என்ற கேலிப் பத்திரிகை, 1961-ல் ஒரு சிறப்பிதழில் பிரபலமான பாட்டுகளுக்கெல்லாம் நக்கல் வரிகள் எழுதிப் போட்டது. மெட்டை அச்சடிக்கவில்லை, 'இன்ன பாட்டு மெட்டில் பாடவும்' என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான் (நம் பழைய பாட்டுப் புத்தகங்களில் 'வர்ணமெட்டு' என்று இருக்குமே, அதேதான்). அமெரிக்கப் பாடலாசிரியர் இர்விங் பெர்லின் அழகியை இசைக்கு ஒப்பிட்டு எழுதிய பாட்டு, தன் வியாதிகளை ஒவ்வொன்றாக விவரிக்கும் ஒரு அம்மாளின் புலம்பலாகிவிட்டது, மனுஷனுக்குக் கோபம் வராதா? அவரும் இசைப் பதிப்பாளர்களும் 25 பாட்டுகளைக் காட்டி வழக்குப் போட்டார்கள். 1964-ல் மேல்முறையீட்டிலும் மேட் கைதான் ஓங்கியது. கேலியைப் படித்துவிட்டோம், இனி அசல் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை என்பதுதான் தீர்ப்பின் சாரம்.

கேரள உயர் நீதிமன்றமும் 1996-ல் ஏறக்குறைய இந்த வழியில்தான் போனது. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற நாடகத்துக்கு சிவிக் சந்திரன் எழுதிய எதிர்நாடகத்தில் மூலத்தின் பாத்திரங்களும் வசனங்களும் இருந்தாலும், விமர்சிக்கத்தானே எடுத்திருக்கிறார் என்று விட்டுவிட்டது. உங்கள் ஊர் ஜீப் யாரை விமர்சிக்கிறது? மேட் மெட்டை வாசகர் மனசிலேயே விட்டது, இவர்கள் மெட்டையும் ஸ்பீக்கரில் ஓட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் ஓசி சவாரி. ஆனால் நல்ல வரி விழுந்தால் நானும் நின்று கேட்பேன்!

? மேட் மாதிரி ஒரு கேலிப் பத்திரிகையை நம்மவர்கள் யாரும் நடத்தவில்லையா?
- சித்தூர் (பாலக்காடு) வாசகி

காயங்குளத்துக்காரர், கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1948-ல் டெல்லியில் 'சங்கர்ஸ் வீக்லி' தொடங்கினார், உங்கள் பாலக்காட்டு ஓ.வி. விஜயனும் அதில் கார்ட்டூன் போட்டார். 1975-ல் நின்றுபோனது. அது பெரும்பாலும் அரசியல் கேலி. மேட் சினிமா, டிவி, சோப்பு, சிகரெட் எதையும் விடவில்லை. 1957-லிருந்து 2001 வரை விளம்பரமே வாங்காத பத்திரிகை, யார் முகத்தைப் பார்க்க வேண்டும்?

? சூப்பர்மேனையுமா கிண்டல் செய்தார்கள்?
- வேலந்தாவளம் வாசகர்

1953-ல், நாலாவது இதழிலேயே. ஹார்வி கர்ட்ஸ்மேன் எழுதி வாலி வுட் வரைந்த 'சூப்பர்டூப்பர்மேன்'. ஹீரோவுக்குப் பத்திரிகை ஆபீசில் எடுபிடிக்கும் எடுபிடி வேலை. கடைசியில் நான்தான் அந்த மாவீரன் என்று காட்டியும், அவன் ஆசைப்பட்ட பெண் மசியவே இல்லை.