எஃப்.டி.8 அலுத்தவர்களுக்கு ஃபெல்ட் ஹெல்: ஹாம் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே திசையில்தான் போகின்றன: ஹாம் (அமெச்சூர்) ரேடியோவில் அதிகம் பேர் புழங்காத டிஜிட்டல் மோடு (கணினி வழியாகச் செய்தி அனுப்பும் முறை) எதையாவது முயன்று பார்க்கலாமா என்று. அதனால் ஆண்டெனா, கோஆக்ஸ் கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எஃப்.டி.8 மோடில் தொடர்புகொண்ட நாடுகள் நூறைத் தாண்டிவிட்டன. ஆனால் பேசுவது கணினிதான், நான் வேடிக்கை பார்க்கிறேன் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. மைக்கில் பேசக் கூச்சம், மோர்ஸ் வராது. நிதானமாகத் தட்டச்சு செய்து பேச ஒரு மோடு சொல்லுங்கள்.

எஃப்.டி.8-ஐக் குறை சொல்ல மாட்டேன். 2017-ல் ஜோ டெய்லரும் (இயற்பியலில் நோபல் வாங்கிய அதே டெய்லர்தான்) ஸ்டீவ் ஃபிராங்கேயும் சேர்ந்து கொண்டுவந்தது அது. காதுக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கும் இடத்திலிருந்துகூட ஒரு கால்சைனை (நிலையத்தின் அடையாளப் பெயரை) தோண்டி எடுத்துக் கொடுத்துவிடும். அதற்காகவே செய்த மோடு. 15 நொடிக்கு ஒரு முறை, 77 பிட்டுக்குள் விஷயத்தை முடித்துக்கொள்ள வேண்டும். சொந்தமாக எதையாவது எழுத வேண்டுமென்றால் 13 எழுத்துதான், அதில் என்னத்தை நலம் விசாரிப்பது?

தட்டச்சு அரட்டைக்கு வழக்கமாகச் சொல்லும் பதில் பி.எஸ்.கே.31. பீட்டர் மார்ட்டினெஸ் 1998-ல் வெளியிட்டது, 14.070 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். ஆனால் நீங்கள் கேட்டது அதிகம் பேர் தொடாத மோடு, அதனால் என் ஓட்டு ஃபெல்ட் ஹெல்லுக்கு. பெயரைப் பார்த்து நரகம் என்று நினைக்காதீர்கள். ருடால்ஃப் ஹெல் என்ற ஜெர்மானியர் 1929-ல் காப்புரிமை பெற்ற கருவி ஹெல்ஷ்ரைபர், ஜெர்மன் மொழியில் 'ஹெல்' என்றால் வெளிச்சமான.

மற்ற மோடுகள் எழுத்தைக் குறியீடாக மாற்றி அனுப்பும், மறுமுனைக் கணினி அதைத் திரும்ப எழுத்தாக மாற்றும். ஹெல்லில் அந்த வேலையே கிடையாது. எழுத்தைச் சின்னப் படமாகப் புள்ளி புள்ளியாக அனுப்புகிறது, கறுப்பு என்றால் டோன் (ஒரே சுருதியில் ஒலி) உண்டு, வெள்ளை என்றால் இல்லை. அதை வாசிப்பது உங்கள் கண். சிக்னல் கெட்டால் கணினிபோல் தப்பான எழுத்தைத் தைரியமாக அச்சடிக்காது, எழுத்து மங்கும், உடையும், ஓரம் தேயும், ஆனால் பாதி தேய்ந்த எஸ்ஸை எஸ் என்றே கண் படித்துவிடும். பழைய பஸ் டிக்கெட்டைப் படிப்பதில்லையா, அப்படித்தான்.

வேகம் நொடிக்கு இரண்டரை எழுத்து. இரண்டு விரலால் தட்டுகிறவருக்கும் அது போதும், வேகமாகத் தட்டுகிறவர் முதல் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

கேள்வி: நீங்கள் முன்பு எழுதியதைப் பார்த்து ஃபெல்ட் ஹெல்லைத் திறந்தேன். ஒரே வரி மேலும் கீழும் இரண்டு முறை வருகிறது. அதோடு வரி நேராக இல்லாமல் மாடிப்படி போல ஏறிக்கொண்டே போகிறது. என் சவுண்ட் கார்டு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. இரண்டு முறை வருவது வேண்டுமென்றே செய்தது, அந்த யோசனையை நினைத்தால் எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கும்.

ஒரு எழுத்துக்கு 7 நெடுவரிசை. ஒவ்வொரு நெடுவரிசையும் கீழிருந்து மேலாக 14 அரைப்புள்ளிகளாகப் போகிறது. ஒரு எழுத்து முடிய 0.4 நொடி. இப்போது அனுப்புகிறவரின் கடிகாரமும் உங்கள் கடிகாரமும் துளி வித்தியாசப்பட்டால் நெடுவரிசையின் தொடக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், வரி மேலேறும் அல்லது கீழிறங்கும். ஒரே வரியாக அச்சடித்தால் ஒரு கட்டத்தில் எழுத்தின் தலை அடியிலும் கால் மேலேயும் போய்விடும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முறை அச்சடித்தால், எவ்வளவு நகர்ந்தாலும் ஏதோ ஓரிடத்தில் ஒரு முழு வரி கண்ணுக்குக் கிடைத்தே தீரும். பழைய இயந்திரத்தில் இதற்காக இரண்டு சுற்றுள்ள திருகு ஒன்று மையோடு சுழலும், காகித நாடா அதன்மேல் தட்டுப்படும். இரண்டு பக்கத்தையும் ஒரே தாளத்தில் கட்டிவைக்கும் வேலையே இல்லாமல் போயிற்று. போர்க்களத்தில் ஜெர்மன் ராணுவம் தூக்கிக்கொண்டு திரிந்தது இதன் சிறிய வடிவத்தைத்தான், ஃபெல்ட் என்றால் களம்.

அப்புறம் உங்கள் மாடிப்படி. 40 எழுத்துள்ள ஒரு வரிக்குள் கால் எழுத்து உயரம் ஏறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 40 எழுத்துக்கு 16 நொடி, ஒரு நெடுவரிசை முழுக்க 57 மில்லி செகண்ட், அதில் கால்பங்கு 14. ஆக, இரண்டு கடிகாரங்களுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. பழைய சவுண்ட் கார்டுகளில் இது சாதாரணம். மென்பொருளில் சவுண்ட் கார்டு திருத்தம் என்று பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் ஓர் இடம் இருக்கும், அதில் சரிசெய்யலாம். அதற்கு முன் வேறு இரண்டு பேரின் சிக்னலையும் பாருங்கள், எல்லாருடையதும் ஏறினால் கோளாறு உங்களிடம், ஒருவருடையது மட்டும் ஏறினால் அவரிடம். நான் திருத்துவதே இல்லை. ஒவ்வொருவர் கையெழுத்துக்கும் ஒரு சாய்வு இருப்பதுபோல இதுவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்றும் கண்ணில் படும். சில இரவுகளில் எழுத்துக்குச் சற்று மேலே மங்கலாக ஒரு நிழல் எழுத்து நிற்கும். சிக்னல் இரண்டு வழியாக வந்து, ஒன்று சில மில்லி செகண்ட் பிந்திச் சேர்ந்ததுதான் அது. கீழிருந்து மேலாக வரைவதால் பிந்தியது மேலே விழுகிறது. அயனி மண்டலத்தின் வேலையை இப்படி நேராகக் காட்டும் மோடு வேறு எது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மற்ற மோடுகள் இதைப் பிழை என்று துடைத்துவிடும்.

கேள்வி: ஒரு வாரமாகத் தினமும் மாலை சி.க்யூ. (யாராவது வாருங்கள் என்ற பொது அழைப்பு) போடுகிறேன், ஒருவர்கூடப் பதில் தரவில்லை. ஆண்டெனா நன்றாகத்தான் இருக்கிறது. மோடே செத்துவிட்டதா?

சாகவில்லை, ஆள்தான் குறைவு. வாட்டர்ஃபாலில் (சிக்னல்களைப் படமாக ஓடவிட்டுக் காட்டும் திரையில்) உங்கள் சிக்னலைப் பார்ப்பவருக்கு அது என்னவென்றே தெரியாது. புரியாத ஒரு கரகரப்பு என்று கடந்து போய்விடுவார்.

முதல் வேலையாக ஆர்.எஸ்.ஐ.டி.-யைப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு அனுப்புதலுக்கும் முன்னால் ஒன்றரை நொடிக்கும் குறைவான ஒரு சின்ன இசைத் துணுக்கு போகும், அதில் 'நான் இன்ன மோடு' என்ற அடையாளம் இருக்கும். எதிர்முனையில் அதைக் கவனிக்கும்படி வைத்திருந்தால் மென்பொருள் தானாக மோடை மாற்றி உங்கள் டோன் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். இது எனக்குச் சூடுபட்டுத் தெரிந்தது. ஒருநாள் ஒலிவியா என்ற இன்னொரு மோடில் 16/500 அமைப்பை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் கூப்பிட்டேன், யாரோ பதில் சொல்வது வாட்டர்ஃபாலில் தெரிகிறது, திரையிலோ குப்பை. அவர் 8/250-ல் பதில் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் மனிதர் மோர்ஸில் 'ஆர்.எஸ்.ஐ.டி.' என்று மெதுவாகத் தட்டிவிட்டுப் போனார். என் மானம் போனாலும் பாடம் வந்தது.

இரண்டாவது, காத்திருப்பதைவிட ஆளைக் கூட்டிக்கொண்டு வருவது மேல். பி.எஸ்.கே.31-ல் ஒருவரோடு பேச்சு நன்றாகப் போகிறதா, 'ஹெல்லுக்கு மாறிப் பார்க்கலாமா' என்று கேளுங்கள். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் ஆர்வத்தோடு வருவார்கள், என் அனுபவம் இது. நேரம் குறித்துக்கொண்டு கூப்பிடுவது இன்னும் நல்லது. அதில் ஒன்றும் தோஷமில்லை, இது போட்டியில்லையே.

14.074-ல் எஃப்.டி.8 கூட்டம் நெருக்கியடிக்கும், அதன் பக்கம் போய் நிற்காதீர்கள். யாராவது ஹெல் கற்றுக்கொண்டு வந்து பதில் சொல்வார் என்று நினைத்தால் நடக்காது, திட்டு வேண்டுமானால் வாங்கலாம்.

கேள்வி: ஒலிவியாவா, ஹெல்லா?

உங்கள் பேண்ட் (நீங்கள் பேசும் அலைவரிசை) மோசம் என்றால் ஒலிவியா. போலந்தின் பாவெல் யாவோஹா உருவாக்கியது, தன் மகளின் பெயரை வைத்தார். பிழை திருத்தம் அவ்வளவு கெட்டி, காதுக்குக் கேட்காத சிக்னல்கூடச் சுத்தமான வரியாக வரும். 16/500 என்றால் 16 டோன், 500 ஹெர்ட்ஸ் அகலம். இரண்டு நொடிக்கு ஒரு முறை நாலு எழுத்து மொத்தமாக வந்து விழும், அதற்குள் எதிரில் இருப்பவர் என்ன சொல்லப்போகிறார் என்று ஊகித்துக்கொண்டே உட்காரலாம். அதில் ஒரு சுகம் உண்டு. ஆனால் ஒலிவியா வரும் அல்லது வராது, நடுவில் ஒன்றும் இல்லை. அந்த நடுவில்தான் எனக்கு ஹெல் பிடிக்கிறது.

கேள்வி: 100 வாட் ரேடியோ. முழுப் பவரில் ஒலிவியா அனுப்பினால் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. பக்கத்தில் இருப்பவர் என் சிக்னல் அகலமாக இருக்கிறது என்கிறார்.

இரண்டும் ஒரே வியாதி. ஒலிவியாவில் டோன் நிற்பதே இல்லை, அனுப்பும் நேரம் முழுக்க முழுப் பவர். பேச்சுக்காகச் செய்த ரேடியோ அதைத் தாங்காது. 30 வாட்டுக்கு இறக்குங்கள், எதிர்முனையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஹெல்லில் எழுத்துக்குள் வெள்ளை இடமே அதிகம், ரேடியோவுக்கு ஓய்வு நிறையக் கிடைக்கும்.

அகலம் என்ற புகாருக்கு ஏ.எல்.சி. மீட்டரை (உள்ளே வரும் ஒலி மிஞ்சும்போது ரேடியோ தானாகக் கட்டுப்படுத்துவதைக் காட்டுவது) பாருங்கள். கணினி ஒலியை முதலில் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய், மெதுவாக ஏற்றி, ஏ.எல்.சி. அசையத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே நிறுத்துங்கள். ஸ்பீச் கம்ப்ரஸர் (பேச்சை உரக்கக் கேட்கவைக்கும் வசதி) அணைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

கேள்வி: லைசென்ஸ் இன்னும் வரவில்லை. அதுவரை என்ன செய்வது?

கேளுங்கள். இணையத்தில் வெப் எஸ்.டி.ஆர். ரிசீவர்கள் (உலாவியிலேயே திருப்பிக் கேட்கும் ரேடியோக்கள்) இருக்கின்றன, அதன் ஒலியைக் கணினிக்குள்ளேயே மென்பொருளுக்குத் திருப்பிவிடலாம். ஒயரே இல்லாமல், ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வைத்தாலும் ஹெல் வரும், அறையில் யாராவது இருமினால் திரையில் ஒரு கறுப்புப் பட்டை விழும், அவ்வளவுதான். டோன் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே கணக்கு என்பதால் ரேடியோவை மேல் சைடுபேண்டில் வைப்பதா, கீழ் சைடுபேண்டில் வைப்பதா என்ற தகராறும் ஹெல்லுக்கு இல்லை.

கேள்வி: ஹெல் படத்தைத்தான் அனுப்புகிறது என்றால், தமிழிலேயே அனுப்பலாமே?

இந்தக் கேள்விக்காகவே மற்றதையெல்லாம் சுருக்கினேன்.

முடியும், தடை எதுவும் மோடில் இல்லை. மற்ற மோடுகளில் தமிழ் அனுப்பினால் யூ.டி.எஃப்.-8 (கணினியின் எழுத்துக் குறியீட்டு முறை) கணக்கில் ஒரு குறிக்கு மூன்று பைட் ஆகும். 'கி' என்பது க-வும் கொக்கியும் சேர்ந்து ஆறு பைட். அதில் ஒரு பிட் புரண்டாலும் எழுத்து அம்போ. ஹெல்லில் அந்தப் பயம் இல்லை. ஆனால் மென்பொருளோடு வருவது லத்தீன் எழுத்துரு, தமிழ் எழுத்துருவைப் புள்ளி புள்ளியாக நாமே வரைய வேண்டும்.

கட்டம் போட்ட நோட்டில் உட்கார்ந்து வரைந்து பார்த்தேன். அகலம் பிரச்சினையே இல்லை, 'ணை' எவ்வளவு நீண்டாலும் நெடுவரிசைகளைக் கூட்டிக்கொள்ளலாம், நேரம்தான் செலவு. இடிப்பது உயரம். 14 அரைப்புள்ளியில் மேலும் கீழும் வெற்றிடம் விட்டால் மிஞ்சுவது பத்து, அதிலும் எந்தக் கோடும் இரண்டு அரைப்புள்ளிக்குக் குறையக்கூடாது, குறைந்தால் சிக்னல் அகலமாகிவிடும். ட, ப, ம மூன்றும் அச்சு வார்த்ததுபோல வந்தன. கி-க்கும் கீ-க்கும் வித்தியாசம் ஒரு சுழி, அந்தச் சுழிக்கு இடமே இல்லை.

அதைவிடப் பெரிய தொல்லை புள்ளி. 'க்' என்று எழுதினால் மேலே தனியாக ஒரு கறுப்புப் பொட்டு. இரைச்சலும் திரையில் விழுவது கறுப்புப் பொட்டாகத்தான். எங்கோ ஒரு மின்னல் வெட்டினால் என் 'க' அங்கே 'க்' ஆகிவிடும், சிக்னல் தேய்ந்தால் 'க்' வெறும் 'க' ஆகிவிடும். கொஞ்ச நேரம் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் ஓலைச்சுவடி நினைவுக்கு வந்தது. பழைய சுவடிகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளியே இருக்காது, எ-யா ஏ-யா என்றும் பிரித்துக் காட்ட மாட்டார்கள். படிக்கிறவர் இடம் பார்த்து வாசித்துக்கொண்டார். அதனால் புள்ளியை விட்டுவிட்டு 'வணககம' என்று வரைந்து, சவுண்ட் கார்டு வழியாக இரைச்சலைக் கலந்து எனக்கு நானே அனுப்பிப் பார்த்தேன். ம பாதி அழிந்தும் படிக்க முடிந்தது.

கால்சைனை மட்டும் லத்தீன் எழுத்தில் போடுங்கள், மொழி பற்றி உங்கள் லைசென்ஸ் விதி என்ன சொல்கிறது என்றும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ழ-வின் வாலை மட்டும் பத்து அரைப்புள்ளிக்குள் என்னால் மடக்க முடியவில்லை, மூன்று தாளைக் கிழித்தாயிற்று. யாருக்காவது வந்தால் கட்டம் போட்ட தாளில் வரைந்து அனுப்புங்கள்.