துறை கொடுத்த லேப்டாப்பை ஃபார்மட் செய்துவிட்டுத் திருப்பித் தரலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபடியே டீச்சிங் அசிஸ்டன்டாக இருக்கிறேன். துறை கொடுத்த லேப்டாப்பில் குடும்பப் படங்கள், வருமான வரிக் கணக்கு எல்லாம் கிடக்கின்றன. மதிப்பெண் போட்டது பெரும்பாலும் என் சொந்த லேப்டாப்பில். இப்போது ஒரு மாணவர் மதிப்பெண் பற்றிப் புகார் செய்ய, இரண்டையும் கொண்டுவரச் சொல்கிறார்கள். ஃபார்மட் செய்துவிட்டுக் கொடுக்கலாமா? விசாவை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

பதில்: தயவுசெய்து ஃபார்மட் செய்யாதீர்கள். புகார் வந்தபின் அழித்தால், தப்பே செய்யாதவர்கூட ஆதாரத்தை மறைத்தவர் ஆகிவிடுவார். அப்புறம் மதிப்பெண்ணை விட்டுவிட்டு அதைத்தான் விசாரிப்பார்கள்.

துறையின் லேப்டாப் அவர்களுடைய சொத்து. அரசு ஊழியருக்கும் வேலையிடத்தில் அந்தரங்கம் உண்டு என்று 1987-இல் ஓர்டேகா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் வேலை சம்பந்தமான சோதனைக்கு வாரண்ட் தேவையில்லை, நியாயமான காரணம் இருந்தால் போதும் என்றும் சொன்னது. 2010-இல் குவான் வழக்கில், காவல் துறை தன் அதிகாரிக்குக் கொடுத்த பேஜரின் செய்திகளைப் படித்ததும் செல்லும் என்றது. உங்கள் வழக்கிலும் அவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். ஆகவே படங்களையும் வரிக் கணக்கையும் உங்கள் டிரைவில் நகலெடுங்கள். சொந்த மின்னஞ்சலிலிருந்து லாக் அவுட் செய்யுங்கள். ‘தனிப்பட்ட கோப்புகளை நீக்கலாமா?’ என்று எழுத்தில் கேட்டு, பதில் வந்தபின் நீக்குங்கள்.

சொந்த லேப்டாப் வேறு கதை. அதில் வேலை செய்தீர்கள் என்பதற்காக மட்டும் பிடுங்கிக்கொள்ள முடியாது. உங்கள் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ வேண்டும். ஆனால் கருவி உங்களுடையது என்பதால் அதிலுள்ள மதிப்பெண்களும் உங்களுடையவை ஆகிவிடாது. அவை 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் பாதுகாக்கும் மாணவர் பதிவுகள். யாருக்கும் காட்டாமல் உங்கள் ஞாபகத்துக்கு மட்டும் எழுதிய குறிப்புகளுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு உண்டு.

நான் உங்கள் இடத்தில் இருந்தால், மதிப்பெண் கோப்புகளையும் விடைத்தாள்களையும் நானே தேடி எடுத்து, ‘என்னிடம் இருப்பவை இவ்வளவுதான்’ என்று கையெழுத்திட்டுக் கொடுப்பேன். சான் ஹோசே நகர வழக்கில் 2017-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், ஊழியரின் சொந்தக் கணக்கில் உள்ள அலுவல் செய்திகளும் பொதுமக்கள் கேட்டுப் பெறக்கூடிய பொதுப் பதிவுகளே என்றது. ஆனால் அவற்றை ஊழியரே தேடிக் கொடுக்கலாம் என்றும் வழிகாட்டியது. மற்ற மாநிலங்களை அது கட்டுப்படுத்தாது, ஆனாலும் பேசிப் பார்க்க நல்ல பிடி. பல்கலைக்கழகத்தின் கணினி விதிகளை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். சொந்தக் கருவி பற்றி நீங்கள் ஏற்கெனவே எதற்காவது சம்மதித்திருக்கலாம்.

விசா பற்றி: எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு உதவியாளர் வேலை போனால் மட்டும் அந்தஸ்து போகாது. முழுநேரப் படிப்பு தொடர வேண்டும், செலவுக்கு வேறு வழியும் காட்ட வேண்டியிருக்கும். படிப்பிலிருந்தே நீக்கினால்தான் ஆபத்து. அதனால் ஒழுங்கு விசாரணை என்று கடிதம் வந்தால் தனியாகப் போகாதீர்கள். உதவியாளர் சங்கம் இருந்தால் அதன் பிரதிநிதியை, இல்லையேல் அந்த மாநில வக்கீல் ஒருவரை முதலில் பாருங்கள்.