பழ ஈ கேள்வி-பதில்: பொறியும் நிறைகிறது, பழமும் புழுக்கிறது

மா அறுவடை நெருங்கினாலே கடிதங்கள் குவிந்துவிடும். இந்த முறை பாதிக்கு மேல் பழ ஈ பற்றித்தான், அதனால் எல்லாவற்றையும் ஒரே கட்டாகப் போட்டுவிட்டேன். முதலில் ஒரு வார்த்தை. "காயில் புழு, மருந்து சொல்லவும்" என்று மட்டும் எழுதுகிறவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. என்ன பயிர், எந்த ஊர், பிஞ்சிலா பழுக்கும்போதா, இந்த மூன்றையும் எழுதுங்கள். அதை எழுதச் சோம்பல்பட்டுத் தப்பான மருந்துக்குக் காசைக் கொட்டியவர்களை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

"பாகல் பந்தலில் மெத்தில் யூஜினால் பொறி பன்னிரண்டு மாட்டினேன். பத்து நாளாகியும் ஒரு ஈ விழவில்லை. பொறி போலியா?" (ஒட்டன்சத்திரம்)

பொறி போலியில்லை, பயிருக்குப் பொருந்தாததை மாட்டியிருக்கிறீர்கள். மா, கொய்யாவில் வருகிற ஈ வேறு, பாகல், புடல், பீர்க்கன், பூசணியில் வருகிற ஈ வேறு. முதல் வகையின் ஆண் மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருளுக்கு வரும், இரண்டாவதன் ஆண் கியூ லூர் என்ற வேறொரு வாசனைப் பொருளுக்கு வரும். கடையில் "பழ ஈ பொறி" என்று பொதுவாகக் கேட்டால் கையிருப்பில் உள்ளதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், பயிர் பெயரைச் சொல்லி வாங்குங்கள். கியூ லூர் மெத்தில் யூஜினால் அளவுக்கு வலுவாக இழுக்காது, அதனால் கருவாட்டுப் பொறியும் கூடவே வையுங்கள். அதற்குப் பெண் ஈயும் வரும். அப்புறம், குத்துப்பட்டுக் கோணிப்போன பிஞ்சைப் பறித்துப் பந்தலுக்கு அடியிலேயே போடாதீர்கள்.

"வாழைப்பழத் தாரைச் சுற்றிக் குட்டிக் குட்டியாகச் சிவப்புக் கண் ஈ. இதுவும் பழத்துக்குள் முட்டை வைக்குமா?" (சென்னை)

அது டிரோசோபிலா. அழுகி நொதிக்கும் பழத்தில்தான் முட்டை வைக்கும், நல்ல பழத்தைக் குத்தாது. ஒரு கிண்ணத்தில் வினிகர், அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு. குப்பைக்கூடையையும் சிங்க் குழாயையும் சுத்தம் செய்யுங்கள். மருந்து வேண்டாம்.

"ஆறு ஏக்கர் மாந்தோப்பு. ஏக்கருக்குப் பத்து பொறி. வாரம் ஒருமுறை கொட்டினால் கை நிறைய ஈ. ஆனாலும் நீலம் பாதி புழுக்கிறது." (போச்சம்பள்ளி)

இதே கேள்வி ஏழெட்டுக் கையெழுத்தில் வந்திருக்கிறது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பொறியில் விழுந்ததை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி, வயிற்று நுனியைப் பாருங்கள். எல்லாம் மழுங்கலாக இருக்கும், அத்தனையும் ஆண். பெண்ணுக்கு நுனி ஊசியாக நீண்டிருக்கும், காயைக் குத்துவது அந்த ஊசிதான். பீகாரில் பூசாவில் இருந்த ஹௌலெட் என்ற பூச்சியியலாளர், சிட்ரோனெல்லா எண்ணெய்க்கு ஆண் ஈக்கள் மொய்ப்பதைப் பற்றி 1912-லேயே எழுதிவிட்டார், அந்த வாடையில் இழுப்பது மெத்தில் யூஜினால் என்பதும் அடுத்த சில வருஷத்தில் தெரிந்துவிட்டது. அதைத் தின்ற ஆணுக்குப் பெண் எளிதாக இணங்கும், அதனால்தான் ஆண் அதற்கு அப்படி அலைகிறது. நூறு வருஷம் தாண்டிய சங்கதி இது. பொறியில் விழுந்த எண்ணிக்கையைக் காட்டி "இத்தனை ஈயைக் கொன்றுவிட்டேன்" என்று சொன்னால், சரி, கொன்றீர்கள், ஆனால் முட்டை வைக்கிறவள் ஒருத்திகூட அதில் இல்லை.

ஆணை மட்டும் அழித்தே ஈயை ஒழிக்க முடியாதா என்றால், முடிந்திருக்கிறது. பசிபிக் கடலில் ரோட்டா என்ற தீவில் 1960-களில் மெத்தில் யூஜினாலும் மருந்தும் ஊறவைத்த அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து தூவியே இந்த ஈயை இல்லாமல் செய்தார்கள். ஆனால் ரோட்டாவைச் சுற்றிக் கடல். உங்கள் ஆறு ஏக்கரைச் சுற்றி இன்னும் அறுபது ஏக்கர் மா. ஓர் ஆண் பல பெண்களோடு சேரும், தப்பிப் பிழைக்கிற நாலு ஆணே போதும். பக்கத்துத் தோப்பில் ஏற்கெனவே சேர்ந்த பெண் வேலி தாண்டி வந்தால் உங்கள் பொறி அவளை ஒன்றும் செய்யாது.

சரி, இதெல்லாம்கூட இரண்டாம் பட்சம். எனக்கு ஆறாத குறை விழுந்த பழம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு தோப்புக்குப் போயிருந்தேன், பொறிகள் பார்க்க அழகாக, வரிசையாகத் தொங்கின. மோட்டார் கொட்டகை ஓரத்தில் உதிர்ந்த பழம் ஒரு குவியல், மேலே பேருக்கு இரண்டு கூடை மண். "புதைச்சாச்சு சார்" என்றார் தோப்புக்காரர். அதிலிருந்து பத்துப் பழம் எடுத்து, பாதி மணல் போட்ட வாளியில் வைத்து, வேட்டித் துணியால் வாய் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் விடியற்காலையில் வாளிக்குள் பொட்டுப் பொட்டென்று சத்தம். புழு தலையையும் வாலையும் சேர்த்து வளைத்துப் பிடித்து, சட்டென்று விட்டு, வில்லிலிருந்து தெறித்தது போல் துள்ளுகிறது. துள்ளி விழுந்த இடத்தில் மணலுக்குள் புகுந்துவிடுகிறது, ஒன்றிரண்டு விரற்கடை ஆழத்துக்குள்தான். இரண்டு வாரம் கழித்துத் துணிக்கு அடியில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. எண்ண ஆரம்பித்து, நூறைத் தாண்டியதும் நிறுத்திவிட்டேன். பத்துப் பழத்துக்கு இது. அந்தக் குவியல் மூன்று வண்டி இருக்கும்.

நீலம் போலக் கடைசியில் வருகிற ரகம் அதிகம் அடிபடுவதும் இதனால்தான். முன்னால் முடிந்த ரகத்தின் உதிர் பழத்தில் வளர்ந்த தலைமுறை, கோடை மழையில் மண் நெகிழ்ந்ததும் எழும்பி நேராக நீலத்தின் மேல் உட்காருகிறது.

செய்ய வேண்டியது: இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது விழுந்ததைப் பொறுக்குங்கள். இரண்டடிக்குக் குறையாமல் குழி வெட்டிப் புதைத்து மேலே மிதித்து இறுக்குங்கள். அல்லது கெட்டியான பாலித்தீன் பையில் கட்டி நல்ல வெயிலில் ஒரு வாரம், பத்து நாள் போட்டுவிடுங்கள். ஹவாயில் இதற்கென்றே வலைக் கூடாரம் வைத்திருக்கிறார்கள். பொறுக்கிய பழத்தை அதற்குள் கொட்டினால் ஈ வெளியே வராது, ஈயைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவி மட்டும் வலைக்கண் வழியாகத் தப்பித் தோப்புக்குப் போகும். பொறியை எடுத்துவிடச் சொல்லவில்லை, அறுவடைக்கு ஒன்றரை மாதம் முன்பே மாட்டுங்கள், பொறிக்குள் இருக்கிற, மருந்தில் ஊறவைத்த கட்டையைக் காலத்தில் மாற்றுங்கள், மாற்றும்போது கையுறை போடுங்கள். ஆனால் விழுந்த பழத்தைப் பொறுக்காமல் பொறி மட்டும் மாட்டினால் நீங்களே ஈப் பண்ணை நடத்துகிறீர்கள்.

"மொட்டை மாடியில் ஒரே ஒரு கொய்யா. பொறி வைக்கலாமா?" (மதுரை)

வேண்டாம். ஒரு மரத்துக்குப் பொறி வைத்தால் தெருவில் இருக்கிற ஆண் ஈயெல்லாம் விருந்துக்கு வரும். காய் எலுமிச்சை அளவில் கல்லாக இருக்கும்போதே காகிதப் பையோ துணிப் பையோ கட்டுங்கள். நிறம் மாறின பிறகு கட்டினால் முட்டையையும் சேர்த்துக் கட்டுகிறீர்கள்.

"பழ ஈயை வைத்து முதுமையை ஆராய்கிறார்களாமே. ஓர் ஈயின் ஆயுளில் நமக்கு என்ன இருக்கிறது?" (தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

நல்ல கேள்வி ஐயா. கலிபோர்னியாவில் ஜேம்ஸ் கேரி என்ற பூச்சியியலாளர் இருக்கிறார். மெக்சிகோவில் மத்தியதரைக்கடல் பழ ஈயை வளர்க்கும் ஒரு பெரிய நிலையத்தில் சுமார் 12 லட்சம் ஈக்களின் சாவை நாள்தோறும் எண்ண வைத்தார். 1992-ல் முடிவு வெளிவந்தது. வயது ஏற ஏறச் சாகும் வேகம் கூடிக்கொண்டே போகும் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். மிகக் கிழ ஈக்களில் அந்த வேகம் ஏறாமல் தணிந்தது. ஒவ்வோர் இனத்துக்கும் இத்தனை நாள்தான் என்று கல்லில் வெட்டின எல்லை இல்லையோ என்ற பேச்சு அங்கிருந்து சூடு பிடித்தது.

கிரேக்கத்தைச் சேர்ந்த நிகோஸ் பாப்படோபுலோஸ் கேரியோடு சேர்ந்து பார்த்தது இன்னொன்று. வயதான ஆண் ஈ திடீரென்று மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டது என்று தட்டினால் எழுந்து நடக்கும், தின்னும், மறுபடி மல்லாந்துவிடும். அப்படிக் கிடக்க ஆரம்பித்த நாளிலிருந்து சராசரியாக இரண்டு வாரத்துக்குச் சற்று மேல்தான் உயிர். ஒரு பூச்சியின் நடத்தையை மட்டும் பார்த்து அதன் மிச்ச நாளைச் சொல்ல முடிகிறது, இது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

விவசாயிக்கு வேண்டியது மூன்றாவது. வெறும் சர்க்கரை மட்டும் கொடுத்த பெண் ஈ முட்டை வைக்காமல், சாகவும் சாகாமல் காத்திருந்தது. நாள் கழித்துப் புரதம் கொடுத்ததும் முட்டை வைக்க ஆரம்பித்தது. இதை 1998-ல் கேரி குழுவினர் எழுதினார்கள். அந்த ஈ நம்மிடம் இல்லை, ஆனால் நம் தோப்பு ஈயின் பெண்ணுக்கும் முட்டை முதிரப் புரதம் வேண்டும். பறவை எச்சம், அசுவினிப் பூச்சி விடும் தேன், இலை மேல் வளரும் பாக்டீரியா, இதையெல்லாம் நக்கித்தான் சேர்க்கிறது. புரதக் கவர்ச்சி உணவில் மருந்து கலந்து அடிமரத்திலும் இலை அடியிலும் திட்டுத் திட்டாக அடித்தால் பெண் வருவது இதனால்தான். காய் மேல் அடிக்காதீர்கள். காய்க்குள் இருக்கிற புழுவுக்கு அது எட்டவும் எட்டாது.

"குறைவாகச் சாப்பிட்டால் ஈ மாதிரி நாமும் நீடித்து வாழலாமா?" (கோவை)

ஈயின் கணக்கை மனிதருக்குப் போடாதீர்கள். உணவு விஷயத்தை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

"எங்கட நாட்டு ஈதான் ஆப்பிரிக்காவுக்குப் போய் மாம்பழத்தை அழிச்சது எண்டு சொல்லுகினம். உண்மையோ?" (யாழ்ப்பாணம்)

அப்படிச் சந்தேகிக்கக் காரணம் உண்டு. 2003-ல் கென்யாவில் புதிதாக ஓர் ஈ அகப்பட்டது, ஒப்பிட்டுப் பார்த்தபோது இலங்கையில் பிடித்த ஈக்களோடு ஒத்துப்போனது. 2005-ல் பாக்ட்ரோசெரா இன்வேடன்ஸ் என்று தனிப் பெயர் வைத்தார்கள். பத்து வருஷம் கழித்து, அது தனி இனமே இல்லை, நம் மாந்தோப்பு ஈதான் என்று முடிவாயிற்று. அதற்குள் ஆப்பிரிக்காவில் வெகுதூரம் பரவிவிட்டது. உறவினருக்கென்று கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைப் பெட்டியில் ஒளித்துக் கொண்டுபோகாதீர்கள். ஒரு பழத்தில் இருக்கிற புழு போதும்.

"ஆண் ஈயை மலடாக்கி விடுவார்களாமே, இங்கே ஏன் செய்வதில்லை?" (திருநெல்வேலி)

ஜப்பானின் ஒகினாவா தீவுகளில் பாகல் ஈயை அப்படித்தான் ஒழித்தார்கள். 1972-ல் ஆரம்பித்துத் தீவு தீவாக நகர்ந்து 1993-ல் முடித்தார்கள், விட்ட மலட்டு ஈ 5,000 கோடிக்கு மேல். முதலில் காட்டு ஈயைக் குறைத்துவிட்டுத்தான் மலட்டு ஈயை விட வேண்டும், இல்லாவிட்டால் கூட்டத்தில் கரைந்துபோகும். வெளியிலிருந்து புது ஈ வராத இடமாகவும் வேண்டும். நம்முடையது தொடர் நிலம், ஒரு ஊர் சேர்ந்து விழுந்த பழத்தைப் பொறுக்குவதே இன்னும் நடக்கவில்லை.

"டிரோசோபிலா பற்றி எல்லாம் அனுப்பவும். நாளை சமர்ப்பிக்க வேண்டும்." (கல்லூரி மாணவர், ஊர் எழுதவில்லை)

தம்பி, "எல்லாம்" என்பது ஒரு கேள்வி இல்லை. 1910-ல் மார்கன் என்ற அமெரிக்க உயிரியலாளர் கண்ட வெள்ளைக் கண் ஈயில் தொடங்கி 2017 நோபல் பரிசு வாங்கின உடல் கடிகாரம் வரை நீண்ட சரித்திரம் அது. அதில் ஒன்றைப் பிடித்துக்கொள். கோதுமை ரவை, வெல்லம், அகர், கொஞ்சம் புரோபியோனிக் அமிலம் போட்டுக் காய்ச்சி ஒரு பாட்டிலில் வளர்த்துப் பார், பத்து நாளில் முட்டை ஈயாகிவிடும். பார்த்ததை எழுதி அனுப்பு, கட்டாயம் பதில் போடுகிறேன்.

"தெரியாமல் புழுவோடு மாம்பழம் தின்றுவிட்டான் பையன்." (விழுப்புரம்)

பயப்பட ஒன்றுமில்லை. மிச்சத்தைக் கொல்லையில் எறியாமல் பையில் கட்டிப் போடுங்கள்.

"பறித்த மாம்பழத்தை வெந்நீரில் போட்டால் முட்டை செத்துவிடுமா?" (நத்தம்)

சாகும், சூடும் நேரமும் சரியாக இருந்தால். 2014-ல் ஐரோப்பிய ஒன்றியம் நம் மாம்பழத்தோடு பாகல், புடலையும் நிறுத்தியது இந்த ஈக்காகத்தான். அங்கே போகும் மாம்பழத்துக்கு 48 டிகிரியில் ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். சூடு குறைந்தால் புழு பிழைக்கும், கூடினால் பழம் வெந்துபோகும். அண்டாவில் கையை விட்டுப் பார்த்துச் செய்யாதீர்கள், ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.