172 செ.மீ. உயரத்துக்கு எந்தக் கோல்?

வணக்கம். உங்கள் உயரம் 172 செ.மீ., ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க்கில் முதன்முதலாகப் பனிச்சறுக்கு, கடையில் 115, 125 செ.மீ. நீளப் பனிச்சறுக்குக் கோல்கள் மட்டுமே இருக்கின்றன, கார்பன் கோல் வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

உயரத்தை 0.7 ஆல் பெருக்கினால் 120 வரும். கடையிலேயே சரிபார்க்கலாம். கோலைத் தலைகீழாக ஊன்றி, கூர்முனைக்கு அருகே இருக்கும் வளையத்துக்குக் கீழே பிடியுங்கள். முழங்கை செங்கோணத்தில் மடங்கினால் அளவு சரி. வளையத்தைத் தாண்டிய முனை பனிக்குள் இறங்கிவிடும், அதனால்தான் அங்கே பிடிக்கச் சொல்கிறேன்.

125 அலுமினியம் வாங்குங்கள். கைப்பிடியைக் கழற்றி, மேல்முனையில் 5 செ.மீ. அறுத்து, திரும்ப மாட்டிவிடலாம். கடைக்காரரையே செய்து தரச் சொல்லுங்கள். 115 வாங்கினால் நீட்ட வழியில்லை.

கார்பன் இப்போது வேண்டாம். எடை குறைவுதான், ஆனால் பக்கவாட்டில் அடிபட்டால் முறிந்துவிடும். அலுமினியம் பெரும்பாலும் வளையும், அதை வைத்தே கீழே வந்து சேரலாம். புதிதாகப் பழகுபவர் நிறைய விழுவார், நானும் அப்படித்தான் பழகினேன்.

அப்புறம் வளையம். குல்மார்க்கில் பொடிப்பனி ஆழமாகக் கிடக்கும். கோல் அதில் புதையாமலிருக்கப் பெரிய வளையம் மாட்ட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

விழும்போது கோலை விட்டுவிடுங்கள். பிடித்தபடி விழுந்தால் கட்டைவிரல் தசைநார் கிழியலாம். மரங்களுக்கிடையே போகும்போது மணிக்கட்டு வாரையும் கழற்றிவிடுங்கள்.