பெரட்டில் கூப்பிட்ட பெயர்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறேன். வயது 24. தாத்தா, பாட்டி, அம்மா மூவரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்கள். எங்கள் தாமானுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறேன். 180 பேர் இருக்கிறோம். லோங்காங் (சாக்கடை) அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு எரியவில்லை என்று படம் போட்டால் ஐந்து நிமிடத்தில் நாற்பது கோபமுகம் வந்துவிடும். கோத்தோங் ரோயோங் (எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலை) என்று அறிவித்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னோடு சேர்த்து மூன்று பேர்தான் நின்றோம். "இன்டர்நெட் வந்து உங்க மனசைக் கெடுத்துடுச்சு. தோட்டத்துல ஒரு சாவுன்னா லயமே திரண்டு நிக்கும்" என்கிறார் தாத்தா. அவர் சொல்வது சரிதானா? குழுவைக் கலைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

அன்புடன்,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

குழுவைக் கலைக்க வேண்டாம். மூன்று பேர் வந்தீர்களே, அந்த மூவருக்கும் முதலில் என் வணக்கம்.

சாவு வீட்டுக்கு லயமே, அந்த வரிசை வீடுகளில் இருந்த அத்தனை பேருமே, திரண்டதை நானும் பார்த்து வளர்ந்தவள். தாத்தா பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் நினைவில் நிற்பது திரண்ட கூட்டம். அந்தக் கூட்டம் எப்படித் திரண்டது என்பதை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.

எங்கள் தோட்டத்தில் விடியற்காலை இருட்டிலேயே பெரட்டு, அதாவது பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுப்பது. பனி இறங்கிக்கொண்டிருக்கும். தலையில் துணியும் இடுப்பில் கத்தியுமாக அம்மா நிற்பார். நான் அவர் முந்தானைக்குள் நிற்பேன். தோட்டத்து எழுத்தரான கிராணி, செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அம்மா "இருக்கேங்க" என்று குரல் கொடுத்த பிறகுதான் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் அவருக்கு நிரையை, அன்று சீவ வேண்டிய மர வரிசையை, சொல்வார். துரையின் லாபத்துக்காக வந்த முறை அது. அதை நான் கொண்டாட மாட்டேன். காய்ச்சலோடு வந்து நின்ற பெண்களை விரட்டி வேலைக்கு அனுப்பியதும் அதே களத்தில்தான். ஆனாலும் அந்தக் களத்தில் யாரும் "எல்லாரும் வாங்க" என்று பொத்தாம்பொதுவாகக் கூப்பிட்டதில்லை. பெயர் இருந்தது, அந்தப் பெயருக்கு ஒரு நிரை இருந்தது. சாவு வீட்டிலும் திருவிழாவிலும் நம் ஆட்கள் அந்தப் பழக்கத்தைத் தங்களுக்காக வைத்துக்கொண்டார்கள். தண்ணீர்ப் பந்தல் மூன்றாம் லயத்துக்கு, அடுப்பு இன்னாருக்கு, வசூல் நோட்டு இன்னார் கையில் என்று முதல் நாளே முடிவாகிவிடும்.

உங்கள் குழுவில் 180 பேரும் அந்த லோங்காங்கைப் பார்த்தார்கள். ஒருவர் பெயரும் கூப்பிடப்படவில்லை. நூற்றெண்பது பேரில் யாராவது போவார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள். அவர்களுக்கு மனம் கெட்டுவிட்டது என்று என்னால் நம்ப முடியவில்லை, ஏனென்றால் 2021ஐ நான் பார்த்திருக்கிறேன்.

கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு நீண்டுகொண்டே போன அந்த ஆண்டின் நடுவில், வீட்டில் அரிசி இல்லாதவர்கள் வாசலில் வெள்ளைக்கொடி கட்டுங்கள் என்ற செய்தி சமூக ஊடகத்தில்தான் நாடு முழுக்கப் பரவியது. கொடி தொங்கிய வாசலுக்கு ஒரு வீட்டு எண் இருந்தது. எங்கே போக வேண்டும், எதைக் கொண்டு போக வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. இனம் பார்க்காமல் மனிதர்கள் பையோடு போய் நின்றார்கள். அந்த டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா தாமான் வெள்ளத்தில் மூழ்கியபோதும் அப்படித்தான். சிக்கிக்கொண்டவர்களின் இடம் கைப்பேசியில் வந்தது, படகு வைத்திருந்தவர்கள் அந்த இடத்துக்குப் போனார்கள்.

நம் ஊரிலும் ஒன்று நடந்தது. தடுப்பூசிக்கு மைசெஜாத்தரா செயலியில் பதிய வேண்டும் என்றபோது, தோட்டத்துக் கிழவிகளில் பாதிப் பேரிடம் கைப்பேசியே கிடையாது. பரீட்சை முடிவுக்காகக் காத்திருந்த ஒரு பெண் பிள்ளை, மாலையில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பதிந்து கொடுத்தாள். அவள் கையில் ஒரு 555 நோட்டு இருந்தது, மளிகைக்கடைப் பற்று எழுதும் அதே சின்ன நோட்டு. நான் வாங்கிப் பார்த்தேன். முதல் கட்டத்தில் பாட்டியின் பெயர். அடுத்து, யாருடைய கைப்பேசியில் பதிந்தது. அடுத்து ஊசித் தேதி. கடைசிக் கட்டத்தில், யார் காரில் கூட்டிப் போவது. அந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் குழுவில் எழுதுவாள், "மூன்றாம் வீட்டு அண்ணே, வியாழக்கிழமை 10 மணிக்கு நீங்க முடியுமா?" என்று. முடியாது என்று சொன்ன அண்ணன்மாரை நான் கேள்விப்படவில்லை. தம்பி, அந்தப் பிள்ளை பெரட்டு எடுத்தாள். அவள் பெரட்டைக் கண்ணால் கண்டவள்கூட இல்லை.

இதில் நம் ஊருக்கு ஒரு பரம்பரையே உண்டு. சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் துண்டுதுண்டாக வெட்டி விற்றார்கள். தொழிலாளர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அமைச்சராக இருந்துகொண்டே தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். பால்மரம் சீவுகிறவர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்ந்தார்கள், அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. துண்டாடலைக் கண்டித்துப் பேசிய கூட்டங்கள் எத்தனையோ நடந்திருக்கும். நிலத்தை வாங்கிக் கொடுத்தது ஒவ்வொருவர் பெயரிலும் மாதாமாதம் விழுந்த அந்தப் பத்து வெள்ளி.

இனி உங்கள் லோங்காங். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறார்கள், நல்லது. ஆனால் லோங்காங்கைப் பார்க்க வேண்டிய நகராண்மைக் கழக உறுப்பினர்களை நாம் ஓட்டுப் போட்டு அனுப்புவதில்லை. ஊராட்சி மன்றத் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, இன்றுவரை உறுப்பினர்கள் நியமனம்தான். அதனால் தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் இருக்க முடியாது. புகார் கொடுத்தால் புகார் எண் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணைக் குழுவில் போடுங்கள். கூடவே, இரண்டு வாரம் கழித்து அந்த எண்ணைச் சொல்லித் தொலைபேசியில் கேட்கப்போகிறவர் பெயரையும் போடுங்கள். நகராண்மைக் கழகக் கூட்டங்கள் பொதுவாகப் பொதுமக்களுக்குத் திறந்தவை என்று 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமே சொல்கிறது. இருவர் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.

லோங்காங்கைவிட என்னை உறங்கவிடாத விஷயம் வேறு. எனக்குத் தெரிந்த ஒரு குழந்தை லயத்து வீட்டிலேயே பிறந்தது. பிறப்பை 60 நாளுக்குள் பதிய வேண்டும், தவறினால் அது தாமதப் பதிவாகிவிடும், அதற்கு ஆவணமும் சாட்சியும் கூடுதல். அபராதத்துக்குப் பயந்து அம்மா பேசாமல் இருந்துவிட்டார். 12 வயதில் கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் அடையாள அட்டை எடுக்கப் போன அன்றுதான் அவள் வீட்டில் வந்து அழுதாள். நம் தாமானில் ஓர் இளைஞர் அந்தக் குடும்பத்தைப் பொறுப்பேற்றார். முதல் தடவை போனபோது, அப்பாவின் பெயரில் இரண்டு பத்திரங்களுக்கிடையே ஓர் எழுத்து வேறாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கு ஒரு சத்தியப் பிரமாணம். பிரசவம் பார்த்த பாட்டியைத் தேடிக் கண்டுபிடித்துச் சாட்சிக்குக் கூட்டிப் போனார். ஒவ்வொரு தடவையும் வேலைக்கு விடுப்பு. ஒன்றரை வருடம் ஆயிற்று. பிறப்புப் பத்திரம் கைக்கு வந்த அன்று அந்த அம்மா அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு நடந்தே வந்தார். அந்த இளைஞர் இதில் ஒரு படமும் எடுக்கவில்லை. குழுவில் ஒரு வரியும் எழுதவில்லை.

படம் என்றதும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அரிசி மூட்டையோடு ஏழைப் பாட்டியை நிறுத்திப் படம் எடுத்துப் போடாதீர்கள். அவருடைய பேரப்பிள்ளைகளும் பள்ளியில் படிக்கிறார்கள். உதவி கேட்டு வருகிறவர்களின் அடையாள அட்டைப் படத்தைக் குழுவில் பகிரவே கூடாது. மோசடிக்காரன் கையில் போய்ச் சேர்ந்தால் அந்தக் குடும்பம் உதவி கேட்டதற்கே அழும்.

உங்கள் தாத்தாவிடம் ஒரு வேலை கொடுங்கள் தம்பி. அவருக்குத் தாமானில் யார் யார் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள், யாருக்கு யார் உறவு, யாரை யார் கேட்டால் மறுக்க மாட்டார்கள் என்பதெல்லாம் மனப்பாடமாகத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு எட்டுப் பெயர் போதும். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தனியாகக் கேளுங்கள். யாருக்கு எந்த இடம், யார் மண்வெட்டி, யார் குப்பைப் பை என்பதோடு குழுவில் போடுங்கள்.

தேநீருக்கும் எட்டுப் பேர் பசியாறலுக்கும் நேராக என் பெயரை எழுதிவிடுங்கள். காலை 8 மணிக்கு வருகிறேன்.

அன்புடன்,
டீச்சர்