பெல்ட் எழுத்து இடவலம் மாறின சோல்ஜர் போட்டோ போலியா?

கேள்வி: அமெரிக்காவுல ஒரு பழைய சாமான் சந்தையில உள்நாட்டுப் போர் சோல்ஜரோட டின்டைப் போட்டோ, அதாவது இரும்புத் தகட்டுல எடுத்த படம், ஒண்ணு வாங்கினேன், 1862ன்னு சொல்லி வித்தாங்க. பெல்ட்ல யு.எஸ். எழுத்து இடவலம் மாறியிருக்கு. போலியா? துடைச்சு சுத்தம் பண்ணலாமா?

பதில்: முதல்ல அந்தத் துணியை கீழ வைங்க.

எழுத்து மாறியிருக்கிறது நல்ல விஷயம்தாங்க. இதுல தனியா நெகட்டிவே கிடையாது, அன்னிக்கு கேமராவுக்குள்ள போன அதே தகடுதான் இப்ப உங்க கையில இருக்கு, அதனால எல்லாமே மாறித்தான் விழும். இது தெரிஞ்சு வாளை மறுபக்கம் மாத்திக் கட்டிக்கிட்டு போஸ் குடுத்தவங்களும் உண்டு.

தகடு மெல்லிசான இரும்பு, கறுப்பு வார்னிஷ் பூசி சூட்டுல இறுக வச்சது, 1856ல ஒஹையோவுல ஹாமில்டன் ஸ்மித் பேடன்ட் வாங்கின முறை. போட்டோகிராஃபர் அதுமேல கொலோடியன், அதாவது வெடிப்பஞ்சை ஈதர்லயும் ஆல்கஹால்லயும் கரைச்ச திரவம், அதை ஊத்தி, இருட்டுல சில்வர் நைட்ரேட்ல முக்கி, ஈரம் காயறதுக்குள்ள படமும் எடுத்து டெவலப்பும் பண்ணியாகணும், கேம்ப் டென்ட்ல வெயில் காலத்துல இதை நாள்பூரா பண்ணியிருக்காங்கன்னு யோசிங்க, அப்புறம் ஃபிக்ஸ் பண்ண, அதாவது படத்தை நிலைக்க வைக்க, பல பேர் யூஸ் பண்ணினது பொட்டாசியம் சயனைடு, ஆமா அதே விஷம்தான். கடைசியா சாண்டராக் பிசின் வார்னிஷ். கன்னத்துல ரோஸ், பட்டன்ல தங்கப்பூச்சு இருந்தா அது பிரஷ்ல கையால வச்சது, ஸ்டூடியோக்கள்ல இந்த வேலைக்கு பெண்கள் நிறைய இருந்தாங்க, படத்துல அவங்க பேரு இருக்காது. நீங்க துடைச்சா முதல்ல போறது அந்தக் கலர்தான், ஈரத்துணின்னா இரும்பு துருவும் பிடிக்கும்.

வருஷத்துக்கு வருவோம். சும்மா தகடா இருந்தா பின்னாடி திருப்பிப் பாருங்க, பேப்பர் உறை இருந்தா அதையும். வரி ஸ்டாம்ப் ஒட்டியிருந்தா 1862 இல்ல, ஏன்னா போட்டோவுக்கு அந்த வரி 1864 செப்டம்பர்ல இருந்து 1866 ஆகஸ்ட் வரைக்கும்தான். தகடு சாக்லேட் பிரவுனா இருந்தா 1870க்கு அப்புறம், போரே முடிஞ்சு போச்சு. பெட்டிக்குள்ள சீலோட இருந்தா நீங்களே பிரிக்காதீங்க, பழைய படங்களைப் பாதுகாக்கிற நிபுணர், அதாவது கன்சர்வேட்டர் பிரிக்கட்டும்.

போலி பத்தின பயத்துல ஒரு நியாயம் இருக்கு, இன்னிக்கும் போர் வேஷம் போட்டு நடிக்கிறவங்களுக்கு இதே கெமிக்கல்ல புது தகடு எடுத்துத் தர்றவங்க இருக்காங்க, ஆனா அதுல நிறைய அலுமினியம். பின்பக்கமா ஒரு சின்ன காந்தத்தை மெதுவா காட்டிப் பாருங்க, இழுக்கலைன்னா அது டின்டைப்பே இல்ல, அலுமினியமா இருக்கலாம், கண்ணாடில எடுத்த ஆம்ப்ரோடைப்பாவும் இருக்கலாம். இழுத்தா இரும்புன்னு மட்டும்தான் அர்த்தம், 1862ங்கறதுக்கு அது ஆதாரம் ஆகாது, வித்தவர்கிட்ட அந்த வருஷம் எப்படித் தெரியும்னு கேளுங்க.